அறுபத்தொரு தவணை

மத்திய வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும் நாளில் பல்லுக்காரர் பாலிஷ் மோட்டாரைப் போட மாட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் காலையில், பத்து மணிச் செய்தி முடியும்வரை சத்தம் எழுப்பாத வேலையாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார். மெழுகில் பல் பதிப்பது, பதித்த பல்லைத் துடைப்பது, துடைத்ததையே இன்னொரு தடவை துடைப்பது. காது மட்டும் கீழ்வீட்டு ரேடியோவிலேயே இருக்கும். அவரிடமும் ஒரு ரேடியோ இருந்தது. ஆனால் தன் கையாலேயே அதைத் திருகிக் கெட்ட செய்தியை வீட்டுக்குள் கூப்பிட அவருக்குத் தைரியம் கிடையாது. அடுத்தவர் வீட்டு ரேடியோவில் வந்தால் அடி பாதிதான் விழும் என்று ஒரு நம்பிக்கை.

அவர் பல் பிடுங்குகிறவர் அல்ல. பொய்ப்பல் செட் செய்கிறவர். ஊரில் இரண்டு பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, கடைசியில் இளஞ்சிவப்பு ஈறோடு முழு செட்டாகத் திருப்பி அனுப்புவார். மூன்றாவது மாடியில் இருந்த அவருடைய வீட்டில் ஜன்னல் உள்ள அறைதான் பட்டறை. கை கழுவும் தொட்டியின் அடியில் பிளாஸ்டர் கழிவு விழ ஒரு வாளி, மேசை மேல் வாயைத் திறந்து மூடும் இரும்புத் தாடைகள் நாலைந்து, தரையெல்லாம் வெள்ளைப் பொடி. அவர் சமையலறைக்குப் போய் வந்தால் காலடித் தடம் பார்த்தே எத்தனை தடவை தேநீர் போட்டுக் குடித்தார் என்று மனைவி சொல்லிவிடுவாள். அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். ஒரு தையல் கோணினாலும் சட்டை அவள் கையைத் தாண்டிப் போகாது.

பயப்படுவதில் பல்லுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. கேஸை மூடிவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்ப்பார். இருந்தும் இப்படிப்பட்ட மனிதர் நாற்பத்தொரு வயதில் வீட்டுக் கடன் வாங்கினார் என்றால், அது அவர் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல். நூற்றெண்பது தவணை, மாதம் பதினெட்டாயிரம். ஐம்பத்தாறு வயதில் முடிந்துவிடும். அன்று கையெழுத்துப் போடும்போது சொந்த வீட்டுக்காரன் என்ற மிதப்பு தலைக்கேறி, கடைசி எழுத்துக்கு ஒரு நீண்ட வாலை இழுத்துச் சுழித்துவிட்டார். வட்டி மாறக்கூடியது என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தார்தான். மாறினால் என்ன ஆகும் என்று கேட்கத்தான் பயம்.

மூன்றாவது வருடம் அது மாறியது. கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் முகமெல்லாம் பல்லாக மாடியேறி வந்தார். அவர் தன் ஓய்வுப் பணத்தை எல்லாம் வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு, அதன் வட்டியில் சாப்பிடுகிறவர். என்ன விஷயம் என்று பல்லுக்காரர் கேட்டதும் வகுப்பே எடுத்துவிட்டார்.

"தம்பி, வெலவாசி எக்கச்சக்கமா ஏறுது. அதை அடக்கணும்னு மத்திய வங்கி வட்டிய ஏத்திடுச்சு. நம்ம பேங்க் எல்லாம் கையக் கடிச்சா அதுகிட்டதான் போய் வாங்கணும். அங்க ஏறினா இங்கயும் ஏறும். எனக்கும் ஏறும், உங்களுக்கும் ஏறும். என்ன, எனக்கு வரும், உங்ககிட்டேர்ந்து போகும்."

பல்லுக்காரருக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரம் தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் வங்கிக் கடிதம் வந்தே விட்டது. வட்டி விகிதம் உயர்த்தப்பட்டுள்ளது என்று முதல் வரி. இரண்டாவது வரி: தங்கள் மாதத் தவணைத் தொகையில் மாற்றமில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வரியை மனைவிக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினார். அந்த ஒரு வருடத்துக்குள் மத்திய வங்கி ஆறு தடவை வட்டியை ஏற்றியது. ஆறு தடவையும் கடிதம் வந்தது. ஆறு தடவையும் அதே இரண்டாவது வரி. ஊரில் எல்லா வங்கியும் ஏற்றினாலும் தன் வங்கி மட்டும் தன்மேல் இரக்கப்பட்டு விட்டுவைத்திருக்கிறது என்று அந்த மனிதர் மனதார நம்பினார். கடிதத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பின்பக்கமும் அச்சடித்திருந்தது.

ஏழாவது வருடம் காற்று திசை மாறியது. மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது, மறுபடியும் குறைத்தது. ஹெட்மாஸ்டர் தினம் வாங்கும் இரண்டு பாக்கெட் பாலை ஒன்றாக்கினார். ஆனாலும் நல்ல மனிதர். தன் வயிற்றெரிச்சலை ஒதுக்கி வைத்துவிட்டு மேலே வந்து, புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு வட்டி ரொம்பக் குறைவாம், பழைய ஆட்கள் போய் எழுதிக் கொடுத்தால் அந்த வட்டிக்கு மாற்றிவிடுவார்களாம், ஒரு நடை போய் வாருங்கள் என்று சொன்னார்.

பல்லுக்காரர் போகவில்லை. அதற்கு அவர் தொழிலிலேயே ஒரு காரணம் இருந்தது. அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக் கவிழ்த்துவிட்டால் முக்கால் மணி நேரம் அதைத் தொடக் கூடாது. இறுகிக்கொண்டிருக்கும்போது லேசாக இடித்தாலும் போதும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அழுத்தம் கொடுக்கும்போது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். இருபது வருடத்துக்கு மேலாக இதைச் செய்து செய்து, உலகத்தில் இருக்கிற எதையும் தொடாமல் விட்டால் தானாகவே இறுகிச் சரியாகிவிடும் என்று அவர் நினைக்க ஆரம்பித்திருந்தார். தவணை அசையாமல் நிற்கிறது. நாமாகப் போய் எதற்கு இடிக்க வேண்டும்?

"இருக்கிறது இருக்கட்டும் சார்" என்றார் ஹெட்மாஸ்டரிடம். "போய்க் கேட்டா ஃபைல எடுப்பாங்க. எடுத்தா வேற எதாவது கண்ணுல படும்."

அந்த வருடத்திலேயே முதல் மாடியில் ஒரு வீட்டுக் கதவில் வேறொரு வங்கியின் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அந்த வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நோட்டீஸில் அவர் பெயர், அப்பா பெயர், பாக்கித் தொகை எல்லாம் தெருவில் போகிறவன் படிக்கிற அளவு பெரிய எழுத்தில் இருந்தன. இரண்டு மாதம் கழித்துப் பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். அந்தக் குடும்பம் பாய், பாத்திரத்தோடு படியிறங்கியபோது பல்லுக்காரர் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம், முதல் மாடி வந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே படியேறினார். தன் கதவில் தன் பெயரை அந்த அளவு எழுத்தில் கற்பனை செய்து பார்த்துவிட்டு எத்தனையோ மத்தியானம் வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இதெல்லாம் பழைய பயம். புதுப் பயம் போன வருடம் வந்தது.

ஒரு முன்பல்லை மெழுகில் நிறுத்தும்போது கத்தி முனை ஆடியது. தேநீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்தார். தேநீரைக் குறைத்துப் பார்த்தார். முனை ஆடிக்கொண்டேதான் இருந்தது. பிறகு முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துணியை வைத்து வேலை செய்யப் பழகினார். டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார், பெயர் வைத்துவிட்டால் அது நோயாகிவிடும். மனைவியிடமும் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் ஒரு செட்டும் திரும்பி வந்ததில்லை. இப்போது ஒரு டாக்டர் ஒன்றைத் திருப்பி அனுப்பினார், கடிக்கும்போது இடது பக்கம் தூக்குகிறது என்று. அடுத்த மாதம் இன்னொன்று வந்தது.

பட்டறைக் கதவுக்குப் பின்னால் காலண்டரில் அவர் தவணைகளை எண்ணிக்கொண்டு வந்தார். நூற்று அறுபத்தெட்டு கட்டியாகிவிட்டது. பாக்கி பன்னிரண்டு. இன்னும் பன்னிரண்டு மாதம் இந்தக் கை தாங்கினால் போதும், அதற்கப்புறம் விழுந்தாலும் சொந்தக் கூரைக்குக் கீழே விழலாம் என்று தினமும் காலையில் கையைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். மூன்றாவது செட்டும் திரும்பி வந்த அன்று பன்னிரண்டு மாதமே அவருக்கு அதிகமாகப் பட்டது. சேமிப்பில் கொஞ்சம் இருந்தது. அதைப் போட்டு மொத்தமாக முடித்துவிட முடியுமா என்று கேட்க, பதினாலு வருடத்தில் முதல் தடவையாக வங்கிக்குப் போனார்.

கடன் பிரிவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அவருடைய கணக்கு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள்.

"பன்னெண்டு இல்ல சார். அறுபத்தொண்ணு இருக்கு."

வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறாய் அம்மா என்றார் பல்லுக்காரர். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவருடைய பெயர்தான், அப்பா பெயர்தான். பாக்கி எட்டு லட்சத்துச் சொச்சம்.

"வட்டி ஏறினப்ப உங்க தவணைய ஏத்தல சார். எத்தனை தவணைங்கறத ஏத்தினோம். அதே பதினெட்டாயிரம்தான், ஆனா அதுல வட்டிக்குப் போறது ஜாஸ்தி, அசலுக்குப் போறது கம்மி. அதனால இழுத்துக்கிட்டே போகும். லெட்டர்ல பின்பக்கம் போட்டிருப்போமே."

அவர் திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பிறகு, மத்திய வங்கி அப்புறம் குறைத்ததே, அது என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். அவருடையது பழைய வகைக் கடன். அதற்கான அடிப்படை வட்டியை வங்கியே தன் செலவைக் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்வது. மத்திய வங்கி குறைத்தாலும், முன்பு கூடுதல் வட்டிக்கு வாங்கிய டெபாசிட்டுகளுக்கு வங்கி அதே பழைய வட்டியைத்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் உடனே குறைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், சில நேரம் குறையாமலே நின்றுவிடும்.

"ஏறும்போது?" என்றார் பல்லுக்காரர்.

"ஏறும்போது ஏத்திடுவோம் சார்" என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடினாள்.

புதிய வகைக்கு மாறலாம் என்றாள். அது நேராக மத்திய வங்கியின் வட்டியோடு கட்டிய கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதோடு சேர்ந்து இறங்கும், சேர்ந்து ஏறவும் செய்யும். நாலாயிரம் சொச்சம் கட்டணம். கடன் இருவர் பெயரிலும் இருப்பதால் மனைவியும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இப்போது மாறினால் அறுபத்தொன்று ஐம்பத்தாறாகும். ஏழு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் முப்பது தவணைக்கு மேல் குறைந்திருக்கும். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். கணக்குத் தெரிந்த பெண், கேட்காமலேயே சொல்லிவிட்டாள்.

அவர் வீட்டுக்கு நடந்தே வந்தார். அறுபத்தொரு மாதம் என்றால் ஐந்து வருடம், ஒரு மாதம். அறுபது வயதைத் தாண்டும். இந்தக் கை ஐந்து மாதம் தாங்குமா என்பதே சந்தேகம். டாக்டர்கள் இருவரும் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள். மனைவியின் சம்பளத்தில் பதினெட்டாயிரம் போனால் மீதியில் அரிசிகூட வராது. மூன்று மாதம் தவறினால் நோட்டீஸ். முதல் மாடிப் படியில் வந்தபோது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து நாள் மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது நாள் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, இனி ஒரு நிமிடம் தள்ளினாலும் சொல்ல மாட்டோம் என்று பயந்து, கடன் விஷயத்தைக் கொட்டிவிட்டார். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. கடிதங்களை எடுத்து வரச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள், காலரைப் பார்க்கிற மாதிரி, விளிம்பிலிருந்து விளிம்புவரை. படித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமைக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் வேலைக்குப் போன நேரமெல்லாம் பல்லுக்காரர் பழைய நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். பதினாலு வருடத்துக்கு முன்பு போட்ட அதே கையெழுத்து, அதே வால். ஒன்று போட்டது போல் ஒன்று வரவில்லை. வால் ஒவ்வொரு தடவையும் மண்புழு மாதிரி நெளிந்தது.

வெள்ளிக்கிழமை வங்கியில் அந்தப் பெண் படிவத்தை நீட்டினாள். மனைவி தன் இடத்தில் கையெழுத்துப் போட்டு நகர்ந்தாள். பல்லுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். அந்தப் பெண் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு படிவம் கொடுத்தாள். இரண்டாவது முதலைவிட மோசமாக வந்தது. மூன்றாவதில் பேனா காகிதத்தைக் கிழித்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். பல்லுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்போது கேட்பார்கள், கைக்கு என்ன என்று. என்ன தொழில் என்று கேட்பார்கள். பல் செட் செய்கிறவனுக்குக் கை நடுங்குகிறது என்று எழுதிக்கொள்வார்கள். வட்டியைக் குறைக்க வந்த இடத்தில் வீட்டையே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"சார், பேனா வேற வேணுமா?" என்றாள் அந்தப் பெண்.

"பேனா இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "கை நடுங்குது. ஒரு வருஷமா நடுங்குது."

மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. கிழிந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றாள் அவள். "ஒரு வருஷமா உங்க டம்ளர்ல முக்கால்தான் ஊத்துறேன். நீங்க கவனிக்கல. சிந்தினா உங்களுக்கு வெக்கமா இருக்கும்னுதான்."

ஒரு வருடமாகத் தன் பயத்தை அவளிடமிருந்து மறைத்ததாக நினைத்துக்கொண்டு, அவள் ஊற்றிக் கொடுத்த முக்கால் தேநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வங்கிப் பெண் எழுந்து உள்ளே போய் மேனேஜரோடு வந்தாள். அவர்கள் தொழிலைக் கேட்கவில்லை. இப்படி எத்தனையோ பேர் வருகிறார்கள், கட்டைவிரல் ரேகை போதும், மேனேஜர் முன்னால் வைக்க வேண்டும், மனைவி சாட்சி என்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து புதிய வட்டி, ஐம்பத்தாறு தவணை. ஆனால் அடுத்த கூட்டத்தில் மத்திய வங்கி ஏற்றினால் இதுவும் கூடும், அதைப் புரிந்துகொண்டுதான் வைக்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். அப்படிக் கேட்பது அவருடைய வேலை. பல்லுக்காரர் தலையாட்டினார்.

"ஏத்தினா தவணைத் தொகைய ஏத்துங்க சார், எண்ணிக்கைய ஏத்தாதீங்க" என்றாள் மனைவி. "எங்களுக்கு நாள் இல்ல."

அதையும் தனியாக எழுதிக்கொண்டார்கள். மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். அவர் கட்டைவிரலை மையில் ஒற்றிப் படிவத்துக்குக் கொண்டுபோனார். காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே அது துள்ள ஆரம்பித்தது. வைத்தால் இழுபட்டு அப்பிவிடும் என்று பயந்து, வைக்காமல் அப்படியே நின்றார். அப்போது மனைவி இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்தினாள். ரேகை ஒரு கோடுகூட இழுபடாமல் விழுந்தது. மேனேஜர் சரி என்று சொல்லிப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் மட்டும் பிடியை விடவில்லை. மை துடைக்கத் துணி கொடுத்தார்கள். அதை வாங்குவதற்குக்கூட அவள் கையை எடுக்கவில்லை. அப்போதுதான் பல்லுக்காரருக்குத் தெரிந்தது, தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு ஒரு நோயும் கிடையாது.